காளவாசலில் ஒரு நன்றி பேனர்

கே.கே. நகரில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். பயிற்சி வண்டியில் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் எனக்கும் காலடியில் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உண்டு. ஓட்டுகிறவர் எதிரே ஒரு மாட்டைப் பார்த்துவிட்டுப் பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது என் இரண்டு கால்களும் ஒன்றாக இறங்க வேண்டும். திட்டுவதெல்லாம் அதற்கப்புறம்தான். என்னிடம் படித்தவர்கள் என் வாயைப் பற்றி ஊரெல்லாம் பேசுவார்கள். என் கால்களைப் பற்றி ஒருத்தரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இடது கால் உடைகிற வரைக்கும் நானும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

உடைந்த இடம் காளவாசல் சிக்னல். சிவப்பு விழுந்ததும் கோட்டுக்கு இந்தப் பக்கமே ஸ்கூட்டரை நிறுத்தி, இடது காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தேன். மற்றவர்கள் எல்லாரும் கோட்டைத் தாண்டிப் போய் நின்றிருந்தார்கள். மதுரையில் கோட்டை மதிக்கிற ஒரே ஆள் நான்தான் என்று மனதுக்குள் கொஞ்சம் பெருமை ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், பின்னால் வந்த சரக்கு வேன் என்னையும் கோட்டைத் தாண்ட வைத்துவிட்டது. ஸ்கூட்டர் என் காலின் மேல் கிடந்தது. டிரைவர் இறங்கி ஓடி வந்தார்.

"பிரேக் பிடிக்கலக்கா," என்றார், அழுகிற குரலில்.

"பிரேக்க மிதிச்சியா, கிளட்ச மிதிச்சியா? அத மொதல்ல சொல்லு," என்று கீழே கிடந்தபடியே கேட்டேன். பழக்கதோஷம். அவர் பதில் சொல்வதற்குள் எனக்குக் கண் இருட்டிவிட்டது.

முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். அந்தச் செலவுக்கு என் கணவர் போட்டிருந்த சீட்டை எடுத்தார், என் கழுத்துச் செயின் அடகுக்குப் போனது. பரவாயில்லை, எப்படியும் திரும்ப வரும் பணம்தானே என்றிருந்தேன். தப்பு வேன்காரர் மேல் என்று போலீஸே எழுதியிருந்தது, வேனுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. நஷ்டஈட்டு வழக்குப் போட்டோம். எங்கள் வக்கீல் நல்ல மனிதர்; எந்தக் கெட்ட செய்தியையும் பாதிச் சிரிப்போடுதான் சொல்வார்.

"ஆஸ்பத்திரி பில், மருந்துக்கடை பில், ஆட்டோவுக்குக் குடுத்தது, எல்லாத்தையும் பத்திரமா வைங்க மேடம். செலவழிச்சத கேட்டு வாங்கிடலாம்."

"செலவழிக்கிறதுக்கு யாருகிட்ட சார் கேக்குறது?"

"அது உங்க பாடு," என்று சிரித்தார். "கேசு முடிய நாளாகும். வருசக்கணக்குல கூட ஆகும்."

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள், கேசையும் போட்டுப் பார் என்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

எலும்பு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போன நாளில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து, முறிந்த இடத்தைப் பேனாவால் காட்டினார். எலும்பு ஒட்டவில்லை. இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து அந்த இடத்தில் வைத்து, கம்பியை மாற்றி, மறுபடி ஓர் ஆபரேஷன் செய்ய வேண்டும். கோடை முடிவதற்குள் செய்துவிட்டால் நல்லது, தள்ளிப்போட்டால் கால் குட்டையாகிவிடும், அதற்குப் பிறகு தன்னிடம் வந்தும் பிரயோஜனம் இல்லை என்றார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"கிளட்ச் மிதிக்க முடியுமா சார்?"

"இத செஞ்சா முடியும்மா. செய்யலன்னா வாக்கர்தான்."

அவர் சொன்ன தொகைக்கு எங்கள் டிரைவிங் பள்ளிக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய கார் வாங்கலாம். அரசாங்கக் காப்பீட்டு அட்டையில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள், மீதியை நாங்கள்தான் கட்ட வேண்டும். எடுக்கச் சீட்டும் இல்லை, வைக்கச் செயினும் இல்லை. இந்த நிலைமை எப்படியோ எதிர்த்தரப்பான இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிந்திருக்க வேண்டும். சமாதானமாகப் பேசி முடித்துக்கொள்ளலாம், உடனே செக் தருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் சொன்ன தொகையில் ஆபரேஷனில் பாதி கூட நடக்காது. கையெழுத்துப் போட்டால் அதோடு வழக்கு முடிந்தது, பிறகு ஒரு ரூபாய் கேட்க முடியாது. பசியில் இருக்கிறவளிடம் நிலத்துக்கு விலை பேசுகிற மாதிரி இருந்தது எனக்கு. முடியாது என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரைக்கும் போய்த் திரும்பி வந்து, கட்டிலில் உட்கார்ந்து அழுதேன்.

என் கணவர் மோட்டார் பம்புசெட் கடையில் வேலை பார்க்கிறார். நகரத்துக்கு மேற்கே, கண்மாயும் வயலுமான ஊர் அவருக்கு. அவர் அதிகம் பேசமாட்டார். ஆனால் விசேஷ வீடு என்றால் போதும், வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். காதுகுத்து, கல்யாணம், புதுவீடு என்று எங்கே பத்திரிகை வந்தாலும் மொய் வைக்காமல் வரமாட்டார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் எங்களுக்குள் சண்டை. நான் அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த அன்று மதியம், தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே மெதுவாகச் சொன்னார்.

"பாப்பாவுக்குக் காது குத்துவமா?"

எங்கள் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. சின்னக் குழந்தையாக இருந்தபோதே நகைக்கடையில் உட்கார வைத்துக் காது குத்தி, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். விழா, பந்தி எல்லாம் வேண்டாம் என்றது நான்தான்.

"ஏற்கெனவே குத்துன காதுல எங்கிட்டுங்க குத்துறது?" என்றேன்.

"அது கெடக்கட்டும். நாம ஊருக்கெல்லாம் செஞ்சது அம்புட்டும் வெளிய நிக்குதுல்ல. ஒரு விசேசம் கூட வைக்காம இருக்கோம்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் ஊர்ப் பக்கம் மொய் என்பது அன்பளிப்பு இல்லை. நான் உனக்கு வைத்தால், என் வீட்டு விசேஷத்தில் நீ அதைக் கூட்டி வைக்க வேண்டும், கூட்டியதை நான் பிறகு உனக்குத் திருப்ப வேண்டும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஆனால் மறக்கிறவர்கள் யாரும் கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை, விசேஷம் வைத்தால்தான் அது திரும்பி வரும். விசேஷம் வைக்காதவன் பணம் வெளியிலேயே நிற்கும்.

"சும்மா போயி நம்ம நெலமையச் சொல்லிக் கேட்டா தரமாட்டாங்களா?"

அவர் என்னை ஏதோ கெட்ட வார்த்தை பேசியவளைப் போலப் பார்த்தார். "காலு ஒடஞ்சுபோச்சு, காசு குடுங்கன்னு கேட்டா அது ஒதவி. பத்திரிக வச்சா அது மொற. ஒதவின்னா ஒருத்தன் யோசிப்பான். மொறைக்கு யாரு யோசிப்பா?"

மகள் அறையிலிருந்து தலையை நீட்டினாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "எனக்கு ஓக்கேப்பா. ஆனா சும்மா நடிக்கிறதுக்கெல்லாம் உக்கார மாட்டேன். மேல ரெண்டாவதா ஒரு ஓட்டை போடணும், ரொம்ப நாளா கேக்குறேன்ல."

ஸ்கூலில் திட்டுவார்கள் என்று நான் மறுத்துக்கொண்டிருந்த ஓட்டை அது. சமயம் பார்த்துக் கேட்கிறாள். நான் சரி என்று தலையாட்டினேன். ஆட்டிய பிறகு சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தேன். எத்தனையோ நாளைக்கப்புறம் அந்த வீட்டில் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தோம்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் உட்கார நேரமில்லை. உட்கார்ந்தபடியே இருந்த எனக்குக் கூட நேரமில்லை. என் கணவர் வெற்றிலை பாக்கோடு பத்திரிகைகளை எடுத்துக்கொண்டு விடிந்ததும் கிளம்புவார். நான் போனை வைத்துக்கொண்டு மண்டபம், சமையல், பந்தல் என்று பேரம் பேசுவேன். பத்து வருஷமாகப் பெண்களை நெரிசலில் ஓட்டப் பழக்கியவள், ஒரு சமையல்காரரிடம் தோற்பேனா? மொய்யைக் கேலி செய்துகொண்டிருந்த நான், யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு வைத்தோம் என்று அவரிடம் கேட்டுக் கேட்டுக் குதூகலப்பட்டேன். மனிதர் ஒன்றுவிடாமல் ஞாபகம் வைத்திருந்தார். என் பிறந்த நாள் மட்டும்தான் அவருக்கு மறக்கும்.

இனி என் தம்பி. திருப்பரங்குன்றத்தில் ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறான். காதுகுத்து என்றால் தாய்மாமன்தான் ராஜா. அவன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள், அவன் கொண்டுவரும் சீரைத்தான் ஊரே பார்க்கும். விஷயத்தைச் சொன்னதும் அவன் கேட்ட முதல் கேள்வி, செண்டை மேளமா, நாட்டுக் கொட்டா என்பது.

"டேய், ஆபரேஷன் செலவுக்கு வைக்கிற விசேஷம்டா இது. சுருக்கமா பண்ணு."

"அக்கா, ஆசுபத்திரிக்கு வைக்கிறது நமக்குள்ள. வெளிய பாக்குறவனுக்கு இது என் மருமகளுக்குக் காதுகுத்து. சுருக்கிப் பண்ணுனா வாரவன் மொய்யும் சுருங்கும், பாத்துக்க."

பேச்சுக்குப் பேச்சு அவன் சொல்வதில் நியாயமும் இருந்து தொலைத்தது.

விழா நாகமலைப் பக்கம் ஒரு மண்டபத்தில். காலையில் நான் போய் இறங்கும்போதே அண்டாக்களிலிருந்து கறிக்குழம்பு வாசம் ரோடு வரைக்கும் வந்தது. என்னை நாற்காலியோடு தூக்கி வாசலில் வைத்தார்கள். சீர் வருகிறது என்று யாரோ கத்தினார்கள். முதலில் வெடிச் சத்தம், பிறகு மேளம், பிறகு புழுதி. கடைசியில் தம்பி. தலைப்பாகை, கூலிங்கிளாஸ், கழுத்தில் அவனை விடப் பெரிய மாலை. பின்னால் பழத்தட்டும் பட்டும் பாத்திரமுமாக ஐம்பது அறுபது பெண்கள். எல்லாருக்கும் முன்னால் மாலை போட்ட ஒரு ஆட்டுக்கிடா, யாரையும் மதிக்காமல் நடந்து வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனால் அழுகை இல்லை. எழுந்து ஓட வேண்டும் போல அப்படி ஒரு பரபரப்பு.

அங்கேதான் நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்தோம். சீரைக் கொண்டுவருகிறவனுக்கு அக்கா ஆரத்தி எடுக்க வேண்டும். அதை உட்கார்ந்துகொண்டு எடுத்தால் நன்றாக இருக்காது என்று தம்பி முன்னமே சொல்லியிருந்தான். எனக்கும் அதே நினைப்புதான். எல்லார் முன்னாலும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூனி நிற்க எனக்கு மனமில்லை. ஆகவே பட்டுச்சேலைக்கு உள்ளே இடுப்பைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டி, அதன் இரண்டு நுனிகளையும் பின்பக்கம் வெளியே எடுத்து, ஒன்றைத் தம்பி மனைவியும் இன்னொன்றை என் கணவரின் அண்ணன் மனைவியான ஓரகத்தியும் மாட்டுக் கயிற்றைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டார்கள். வாக்கரை மண்டபத்துக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். நான் வலது காலில் நின்றேன். இடது கால் தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கியது. கையில் ஆரத்தித் தட்டு.

"அக்கா, கொஞ்சம் சிரிங்க," என்றார் போட்டோக்காரர்.

எங்கே சிரிப்பது, இடுப்பு இற்றுவிழுகிற மாதிரி வலித்தது. அப்போது பின்னாலிருந்து ஓரகத்தி என் காதருகே சொன்னாள். "நீ நடக்க ஆரம்பிச்சதும் மொதல்ல எனக்குத்தேன் காரு சொல்லித்தரணும். இல்லயின்னா இப்பவே துண்ட விட்ருவேன், பாத்துக்க."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த நொடியில் பிடித்துவிட்டார் போட்டோ.

காதுகுத்து பிரமாதமாக நடந்தது. ஆசாரி ஊசியோடு வந்து மகளின் காதைப் பார்த்துவிட்டு, "ஏற்கெனவே ஓட்டை இருக்கேப்பா," என்று முழித்தார். அவள் தாய்மாமன் மடியில் உட்கார்ந்துகொண்டு, பேனாவால் முன்கூட்டியே வைத்திருந்த புள்ளியைக் காட்டினாள். ஊசி இறங்கும்போது அவள் கத்தவில்லை; வளர்ந்த பெண்ணை மடியில் தாங்க முடியாமல் தம்பிதான் முனகிக்கொண்டிருந்தான்.

அப்புறம் பந்தி, அப்புறம் மொய். மேஜை போட்டுக் கம்ப்யூட்டரில் பதிந்து கையோடு ரசீதும் கொடுத்துவிடுகிறார்கள் இப்போது. பக்கத்திலேயே மைக்கில் ஒருவர் பெயரையும் தொகையையும் வாசித்தபடி இருந்தார். நான் மேடையில் உட்கார்ந்து ஒவ்வொரு தொகையையும் மனதில் கூட்டிக்கொண்டே போனேன், நடுவில் விட்டுவிட்டேன், மறுபடி ஆரம்பித்தேன். வந்தவர்கள் மகள் தலையில் கை வைத்துவிட்டு என்னிடம், "காலு எப்புடித்தா இருக்கு?" என்று கேட்டுப் போனார்கள். எதற்கு இந்த விசேஷம் என்று யாருக்கும் நாங்கள் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் ஒருத்தர் கூட அதை வாயில் எடுக்கவில்லை. சிலர் வைக்க வேண்டியதற்கு மேலேயே வைத்தார்கள். திரும்பச் செய்ய வேண்டிய முறை ஏறிக்கொண்டே போகிறதே என்று ஒரு பக்கம் பயம். ஆஸ்பத்திரி நெருங்கிக்கொண்டே வருகிறதே என்று இன்னொரு பக்கம் நெஞ்சு துள்ளியது.

கூட்டம் கலைந்த பிறகு என் கணவர் மண்டபத்து அறையில் தன் அண்ணனோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். மண்டபம், சமையல், மேளம், வெடி எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். கதவு சாத்தியிருந்தது. எங்கள் பள்ளியில் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போன பெண்கள் முடிவுக்காகக் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களை இனிமேல் கேலி செய்யக் கூடாது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். கதவு திறந்தது. சட்டையெல்லாம் வேர்வை அவருக்கு.

"ஆசுபத்திரிக்குப் போன் போடு. அட்மிசன் எப்பன்னு கேளு," என்றார்.

அந்தக் கோடையிலேயே ஆபரேஷன் முடிந்தது. ஆனால் நான் மயக்கம் தெளிந்து கண் விழிப்பதற்குள் தம்பி தன் பங்குக்கு ஒரு வேலை பார்த்துவிட்டான். விழாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லி ஒரு பேனர் அடித்திருக்கிறான். ஆள் உயரத்துக்கு என் படம், ஆரத்தித் தட்டோடு, வாய்விட்டுச் சிரித்தபடி. பக்கத்தில் கூலிங்கிளாஸோடு அவன். அதைக் கட்டிய இடம் காளவாசல்.

"ஒனக்கு வேற எடமே கெடைக்கலையாடா?"

"விழுந்த எடத்துலயே எங்கக்கா நிக்கிதுன்னு ஊரு பாக்கட்டும்க்கா," என்றான். சொல்லிவிட்டு வார்டுக்குள்ளேயே கூலிங்கிளாஸை மாட்டிக்கொண்டான். என்னால் திட்ட முடியவில்லை.

ஊர் பார்த்தது. இன்சூரன்ஸ் தரப்பும் பார்த்தது. பல மாதம் கழித்து வக்கீல் போன் செய்தார். முதல் தடவையாக அவர் சிரிக்காமல் பேசினார். நடக்கவே முடியாது என்று நஷ்டஈடு கேட்கிற பெண் விழா வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள் என்று எதிர்த்தரப்பு அந்தப் பேனரைப் போட்டோ எடுத்துக் கோர்ட்டில் கொடுத்திருக்கிறது. கால் மொய்யை நம்பி நடந்தது, மொய்யோ, வழக்குப் பணம் வந்தால் திருப்பிச் செய்துவிடலாம் என்று நம்பி வாங்கியது. ஊரிலிருந்து ஒவ்வொரு பத்திரிகையாக வர ஆரம்பித்திருந்தது. அதில் ஒன்றையும் தவறவிடாமல் என் கணவர் முறை செய்துகொண்டிருந்தார், கடையில் கூடுதல் நேரம் வேலை பார்த்து. வழக்கு கவிழ்ந்தால் அந்த மனிதர் ஆயுளுக்கும் நிமிர முடியாது.

விசாரணைக்கு முன்னால் வக்கீல் என்னைத் தன் அறையில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். அதற்குள் நான் வீட்டுக்குள் சுவரைப் பிடிக்காமல் நிற்கத் தொடங்கியிருந்தேன். கொஞ்ச நேரம்தான். அப்புறம் வலிக்கும். அதை அவரிடம் குதித்துக்கொண்டு சொன்னேன், குதிக்க முடிந்த அளவுக்கு.

"சந்தோசம் மேடம். ஆனா கோர்ட்டுக்கு வாக்கரோட வாங்க. வலி இருக்குல்ல, அத சொல்லுங்க. பொய் ஒண்ணும் இல்லையே. கால்ல எம்புட்டு கொறை இருக்குன்னு பாத்துத்தான் தொகையே போடுவாங்க."

கோர்ட்டில் எனக்குக் கூண்டுக்குள் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். நீதிபதி ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையானவர். போட்டோவை என் கையில் கொடுத்தார்.

"இது நீங்கதானேம்மா?"

"ஆமாங்க."

"வாக்கர் இல்லாம நிக்கிறீங்க. சரிதானே?"

"நான் நிக்கலைங்க. என்னைய நிறுத்தி வச்சிருக்காங்க."

அவருக்குப் புரியவில்லை. நான் துண்டு கட்டிய கதையைச் சொன்னேன். யார் எந்தப் பக்கம் பிடித்தார்கள், வாக்கரை எங்கே தள்ளினார்கள், ஓரகத்தி காதில் என்ன சொன்னாள், எல்லாவற்றையும் சொன்னேன். கோர்ட்டில் சிரிப்புச் சத்தம் எழுந்தது. நீதிபதி போட்டோவை வாங்கிப் பார்த்தார்.

"இதுல காலே தெரியலையேம்மா?"

"அந்த எடத்துல என் தம்பி ரோசாப்பூ போட்டுட்டான்மா. பேனருக்கு அழகா இருக்கும்னு. பூ இல்லாத போட்டோ அவன் போன்ல இருக்கு, பாத்தீங்கன்னா கால் தொங்குறது தெரியும்."

பின்வரிசையில் தம்பி போனை உயர்த்திக் காட்டிக்கொண்டு எழுந்தான். உட்காரச் சொன்னார்கள். எங்கள் வக்கீல் அந்தப் படத்தை முறைப்படி கொடுக்க அனுமதி கேட்டார், கிடைத்தது. அவர் முகத்தில் பழைய பாதிச் சிரிப்பு திரும்பியிருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். எனக்கு வானத்தில் பறப்பது போல இருந்தது. என் கணவரைத் தேடினேன். தூணோரமாக நின்று வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் வாக்கரை இழுத்துப் பிடித்து இறங்கப் போகும்போது நீதிபதி கேட்டார்.

"ஆபரேஷன் ஆயிருச்சுல்ல. இப்ப நிக்க முடியுதா?"

கேள்வி என்னவோ சாதாரணமாகத்தான் வந்தது. எங்கள் வக்கீல் என்னையே பார்த்தார். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது பொய்யும் இல்லை. தொகை குறைந்தால் யார் தலையில் விழும் என்பதும் எனக்குத் தெரியும், தூணோரமாக நிற்கிறார். ஆனால் அவர் வைத்த மொய், அவர் ஊரார் திருப்பி வைத்த மொய், எல்லாம் சேர்ந்து ஒட்டவைத்த எலும்பு இது. இதை வைத்துக்கொண்டு முடியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதைக் கேட்க மாட்டார்களா, யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவள் நான்.

வாக்கரைத் தள்ளி வைத்தேன். நாற்காலியின் கையை விட்டேன். கூண்டின் கட்டையையும் பிடிக்கவில்லை. இடது குதிகால் பலகையில் முழுசாகப் பதிந்தது. வலித்தது. நின்றேன்.

"முடியுதுங்கம்மா."

எதிர்த்தரப்பு வக்கீல் எதையோ வேகமாக எழுதினார். எங்கள் வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். தூணோரத்தில் என் கணவர் துடைப்பதை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிம்மா, போதும். உக்காருங்க," என்றார் நீதிபதி.

"இன்னும் கொஞ்ச நேரம் நின்னுக்கிறேனேம்மா," என்றேன்.